இரண்டு தீவுகள் போன பிறகு: மன்னார் வளைகுடா, ஒரு நிகழ்வு ஆய்வு

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் எத்தனை தீவுகள் என்று கேட்டால் 21 என்றுதான் பதில் வரும். 1986-ல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது எடுத்த கணக்கு அது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையை ஒட்டி நீளும் அந்த வரிசையில் இன்று தண்ணீருக்கு மேலே நிற்பவை 19தான். கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடிப் பக்கம் இருந்த விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. ஒரே ராத்திரியில் புயல் அடித்துக்கொண்டு போன கதை இல்லை இது. அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறையை வருடக்கணக்காக வெட்டியெடுத்ததில், அலையை வாங்கிக்கொள்ள எதுவும் மிஞ்சாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோயின. கடல் மட்டம் உயர்ந்ததும் சேர்ந்துகொண்டது.

இந்தக் கடலைக் காக்கச் சட்டம் போட்டார்கள். மாற்றுத் தொழில் கொண்டுவந்தார்கள். கடலடியில் கான்கிரீட் இறக்கினார்கள். இன்னொரு பக்கம், கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இவற்றில் எது பலித்தது, எது பிசகியது என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கிறது என்று வருடக்கணக்காகப் பார்த்தவர்களின் பேச்சைக் கேட்டுச் செய்த காரியங்கள் நின்றன. கரையிலேயே இருந்து தீர்மானித்தவை புதுத் தொல்லையைக் கொண்டுவந்தன. பார்த்தவர்கள் என்று நான் சொல்வது ஆய்வாளர்களை மட்டும் இல்லை.

தென்கடல்

ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்தில் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வடகடல் பெண்கடல், தென்கடல் ஆண்கடல் என்ற பேச்சும் உண்டு. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் சீறிக்கொண்டிருக்கும். அந்தச் சீற்றத்துக்கு முன்னால் நிற்கிற முதல் வரிசைதான் இந்தத் தீவுகள்.

பூங்காவின் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பை 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். 2001-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பிலும் அது சேர்ந்தது. பதிவாகியிருக்கும் உயிரினங்கள் 3,600-க்கு மேல். கடினப் பவளத்தில் மட்டும் 117 வகை. பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் குருசடைத் தீவு, பிரிட்டிஷ் காலத்திலிருந்தே கடலுயிர் படிக்கிறவர்கள் தேடிவரும் இடம். முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவே ஒரு கண்ணியாக வைத்துப் பாடப்புத்தகங்களில் படிக்கிறோமே, பலனோகிளாசஸ் என்கிற புழு, அது இந்தத் தீவு மணலில் இருக்கிறது.

ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமானது, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டிருக்கும் விதம். பவளப்பாறை அலையை உடைக்கிறது. உடைந்த அலைக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாக இருப்பதால் அங்கே கடற்புல் வேர்பிடிக்கிறது. கடற்புல்லைத்தான் கடல்பசு மேய்கிறது. இங்குள்ளவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். இறால் குஞ்சும் நண்டும் வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். செத்த பவளம் பொடிந்து மணலாகி, அந்த மணலே தீவாகக் குவிகிறது. ஆக, பாறைதான் தீவுக்குச் சுவர். தீவுக்கு மண் கொடுப்பதும் அதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் கல் எடுத்ததால் என்ன போயிற்று என்பது புரியும்.

கல் எடுத்த காலம்

முருகைக்கல், அதாவது பவளக்கல், இந்தக் கரையில் புதுச் சங்கதி இல்லை. வீட்டுக்கு அஸ்திவாரம், மதில், சாலைக்கு ஜல்லி, சுண்ணாம்புக் காளவாய் என்று எல்லாவற்றுக்கும் போனது. அப்புறம் கால்சியம் கார்பைடு ஆலைகளுக்கும் போக ஆரம்பித்தது. 1970-களின் தொடக்கத்தில் வெளியான ஒரு மதிப்பீடு, பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 60,000 கன மீட்டர் பவளக்கல்லை இழக்கின்றன என்றது. கொத்துக் கொத்தாகக் கிளைவிடும் பவளம் வருடத்துக்குச் சில அங்குலம் வளரும். மூளைபோலத் திரண்டு நிற்கும் பெரிய பாறை வகைகள் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒருவர் கடப்பாரையால் ஒரு மணி நேரத்தில் பெயர்த்தெடுக்கும் பாறை அவருடைய பாட்டனாருக்கும் மூத்ததாக இருக்கும்.

2005-ல் எடுத்த கணக்கின்படி, வளைகுடாவில் இருந்த சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் கெட்டுப்போயிருந்தது. கல் எடுப்பதும், அடியோடு வாரும் மீன்பிடி முறைகளும் காரணங்களில் முக்கியமானவை. தூத்துக்குடித் தீவுகள் கரைக்கும் நகரத்துக்கும் பக்கத்தில் இருந்ததால் அடி அதிகமாக வாங்கியவையும் அவைதான்.

2001-ல் கடினப் பவளங்கள் எல்லாம் 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. ஆனால் தாளில் இருந்த சட்டம் கடலில் இறங்க இன்னும் நாலு வருடம் ஆயிற்று. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, தீவும் பாறையும் முன்னால் நிற்பது ஊருக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பதைக் கரையில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. காவலும் இறுகியது. 2005-ல் கல் எடுப்பது நின்றது.

நின்ற பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த பகுதி. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் தீவு தீவாக மூழ்கிப் பார்த்து எடுத்த கணக்கில், 2005-ல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 2009-ல் ஏறக்குறைய 43 சதவீதமாக உயர்ந்தது. யாரும் ஒன்றையும் நட்டு அத்தனை உயரவில்லை. வெட்டுவதை நிறுத்தினார்கள், கடல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

வான் தீவு

வெட்டுவதை நிறுத்தினால் பாறை தேறும். ஆனால் சுவர் ஏற்கெனவே போய்விட்ட தீவுக்கு அதுவரை காத்திருக்க நேரம் இல்லை. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு அப்படித்தான் சிக்கிக்கொண்டது. ஒரு காலத்தில் 16 ஹெக்டேர் இருந்த தீவு, 2014 வாக்கில் சுமார் 2 ஹெக்டேருக்கு வந்துவிட்டது. அப்படியே விட்டிருந்தால் விலாங்குசல்லிக்கு அடுத்த பெயர் வான்தான்.

சுகந்தி தேவதாசன் ஆராய்ச்சி நிறுவனமும், சென்னை ஐஐடியும், தமிழ்நாடு அரசும் சேர்ந்து, ஒன்றிய அரசின் பருவநிலை மாற்றத் தகவமைப்பு நிதியிலிருந்து பணம் பெற்று ஒரு திட்டம் போட்டார்கள். கடலுக்கு நேரே நிற்கும் பக்கத்தில், அலை வந்து மோதும் இடத்தில், செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்குவது. 2015-ல் வேலை தொடங்கியது. படிப்படியாக இறக்கிய கான்கிரீட் அமைப்புகள் பத்தாயிரத்துக்கு மேல்.

இதில் வடிவம்தான் சூட்சுமம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் கடற்கரைகளில் கடலரிப்பு என்றாலே லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டுவதுதான் பழக்கம். திடமான சுவர் அலையை அப்படியே திருப்பி அடிக்கும்; திரும்பும் அலை சுவரின் காலடி மணலை அரிக்கும்; அந்த அரிப்பு பக்கத்து ஊருக்கு நகரும். வான் தீவுக்கு இறக்கியவை அப்படிப்பட்டவை இல்லை. அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும், உடம்பெல்லாம் ஓட்டையாகவும் செய்த அமைப்புகள். அலை அதற்குள் புகுந்து வெளியே வரும்போது வேகத்தை இழந்துவிடும். தண்ணீரோடு வரும் மணல் உள்ளே போய், அமைதியான பக்கத்தில் படியும். உண்மையான பவளப்பாறை செய்யும் வேலையே இதுதான். ஓட்டைகளில் மீன் தங்குகிறது. சொரசொரப்பான மேற்பரப்பில் பவளக் குஞ்சுகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன.

தீவு தேய்வது நின்றது. மணல் சேர ஆரம்பித்துப் பரப்பும் கூடியது. கடற்புல்லையும் பக்கத்தில் நட்டுப் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. இது பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் செலவைக் கவனிக்க வேண்டும். ஒரு சின்னத் தீவை நிறுத்திவைக்கக் கோடிக்கணக்கில் பணமும், வருடக்கணக்கில் உழைப்பும், அதற்கு முன்னால் பல வருடம் அந்தத் தண்ணீரில் மூழ்கிச் சேர்த்த அறிவும் தேவைப்பட்டன. வெட்டிய கல்லுக்குக் கிடைத்த காசு இதில் எத்தனையில் ஒரு பங்கு இருக்கும்?

பாசிப் பெண்கள்

கல் எடுப்பதை நிறுத்திய அதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் பக்கத்துக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. முதல் இரண்டும் அகர் என்கிற கெட்டிப்படுத்தும் பொருள் செய்யப் போகும். கட்டக்கோரையிலிருந்து அதேபோன்ற அல்ஜினேட் எடுப்பார்கள். ஐஸ்கிரீமிலிருந்து மாத்திரை வரை நாம் வாங்கும் பல பொருள்களில் இந்தப் பெண்களின் மூச்சு இருக்கிறது. மூச்சு என்று சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையோடு மூச்சடக்கி மூழ்கித்தான் எடுக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் அம்மாவோடு இறங்கியவர்கள் அவர்களில் பலர்.

தீவுகளைச் சுற்றிய கடல் பூங்காவாகிவிட்ட பிறகு, அங்கே இறங்குவதே குற்றமாகிவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் காவல் இறுகியபோது பிடிபட்டவர்களில் கல் எடுத்தவர்களும் உண்டு, பாசி எடுத்தவர்களும் உண்டு. பையைப் பறிப்பது, படகை நிறுத்துவது, அபராதம் என்று போயிற்று. கடப்பாரை வைத்துப் பாறையைப் பெயர்ப்பவரையும் கையால் பாசி கிள்ளுபவரையும் ஒரே கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியதை நான் இந்தப் பாதுகாப்பின் பெரிய தவறாகவே பார்க்கிறேன். பூங்காவின் எல்லையை வரைந்த நாளில் இவர்களிடம் கேட்டிருந்தால், எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம் பாசி எந்த மாதம் முளைக்கும் என்று தீவு வாரியாகச் சொல்லியிருப்பார்கள்.

பாசி எடுப்பதால் கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை. இரும்புச் சுரண்டியால் வழித்தால் அடிவேர் போய்விடும், பாறையும் அடிபடும். ஓயாமல் எடுத்தால் மறுபடி வளர நேரம் இருக்காது. இது அந்தப் பெண்களுக்கே தெரிந்ததால்தான் அவர்கள் சங்கமாகக் கூடி முடிவெடுத்தார்கள்: சுரண்டி வேண்டாம், கையால் மட்டும் எடுப்பது; மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவது; ஏப்ரல் பாதியில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கும்போது தாங்களும் நிறுத்திவைப்பது. தினம் போனால் தினம் காசு என்கிற நிலையில் இருப்பவர்கள் மாதத்தில் 18 நாளை விட்டுக்கொடுத்தார்கள். அவர்களில் முன்னின்ற லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவைச் சேர்ந்த சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. தீவுகளைக் காப்பவர்களுக்கென்றே வருடாவருடம் கொடுக்கும் விருது அது. உள்ளூர்ச் சட்டத்தின் கண்ணில் அத்துமீறி நுழைந்தவர்களாக இருந்தவர்கள், உலகத்தின் கண்ணில் காவலர்களாகத் தெரிந்தார்கள்.

கடலடியில் ஊரும் கடல் அட்டை என்கிற உயிரை மூழ்கி எடுத்தவர்களின் கதையை இங்கே சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 2001-ல் அதையும் முதல் அட்டவணையில் சேர்த்து ஒரேயடியாகத் தடுத்தார்கள். இருபது கடல் மைல் தாண்டினால் இலங்கையில் உரிமம் வாங்கி எடுக்கலாம். விலை உயர்ந்த பொருளுக்கு ஒரு கரையில் தடையும் மறுகரையில் அனுமதியும் இருந்தால் கடத்தல் வராமல் என்ன செய்யும்? கடலோரக் காவலில் பிடிபடும் மூட்டைகளைப் பற்றிய செய்தி இன்னும் ஓயவில்லை.

வெளியிலிருந்து வந்த பாசி

தீவுப் பக்கம் போகாமல் கரையிலேயே பிழைக்க வழி செய்தால் கடலும் தப்பிக்கும், மக்களும் தப்பிப்பார்கள் என்பது அடுத்து வந்த யோசனை. யோசனையில் தப்பில்லை. அதற்கு எடுத்துக்கொண்ட உயிர்தான் தப்பு. கப்பாஃபைகஸ் என்கிற சிவப்புப் பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்தது. மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் ஒன்றரை மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அதிலிருந்து எடுக்கும், அகர் போன்ற கராஜீனனுக்கு உலகச் சந்தை உண்டு. 1990-களில் மண்டபத்துக்குச் சோதனைக்காக வந்த அது, 2000-க்குப் பிறகு வடகடல் கரையெங்கும் வியாபாரப் பயிரானது. சுயஉதவிக் குழுப் பெண்களுக்குக் கையில் கொஞ்சம் காசு புழங்கியது என்பதும் உண்மை.

இந்தப் பாசி வித்து போட்டுப் பரவ வேண்டியதில்லை; ஒடிந்த துண்டு போதும். வெதுவெதுப்பான, வெளிச்சம் நிறைந்த ஆழமில்லாத தண்ணீரில் துண்டு எங்கே சிக்கினாலும் வளரும். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் குருசடைத் தீவில் அதைக் கண்டு வெளியிட்டார்கள். கிளைவிடும் பவளங்களின் மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தது. வெளிச்சம் இல்லாமல் அடியில் பவளம் செத்துக்கொண்டிருந்தது. பிறகு பக்கத்துத் தீவுகளிலும் தென்பட்டது. மூழ்கிப் போய்க் கையாலேயே பிய்த்தெடுத்துப் பார்த்தார்கள். மிஞ்சிய துண்டிலிருந்து திரும்ப முளைத்தது. களை எடுப்பதுபோல் வருடந்தோறும் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது.

பவளத்தைக் காக்க வந்த திட்டம் பவளத்தின் மேல் ஏறிப் படுத்ததை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் இந்தக் கடலிலேயே பிறந்தவை. அவற்றை மிதவையில் வளர்க்க முடியுமா என்று அப்போதே முழு மனதோடு முயன்றிருக்கலாம். அவை மெதுவாக வளரும், லாபம் குறைவு என்பதுதான் மறுப்பு. இன்று ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. அங்கே எந்தப் பாசிக்கு எவ்வளவு இடம் கொடுக்கப் போகிறார்கள் என்பது தீவுகளுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

வெயில்

வேலி போட முடியாத எதிரி ஒன்று இருக்கிறது. பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, நிறமும் கொடுக்கிறது. கடல்நீர் வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். வெள்ளை எலும்பாக நிற்கும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்தக் கண்டம். 2010-ல் ஒரு பெரிய அடி. 2016-ல் அதைவிடப் பெரியது: சுமார் 39 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, ஒரே கோடையில் 23 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. கல் எடுப்பதை நிறுத்தி நாலு வருடத்தில் கூடியது ஆறு சதவீதம் என்றால், ஒரு வெயிலில் போனது பதினாறு.

எல்லாப் பவளமும் ஒரே மாதிரிச் சாகவில்லை. கிளை வகைகள் முதலில் போயின. பாறைபோல் திரண்டவை வெளுத்தாலும் பெரும்பாலும் தேறின. பாறைமேல் சிக்கிக் கிடந்த பழைய வலை, சேறு, கழிவு, வெளிப்பாசி என்று ஏற்கெனவே நொந்திருக்கும் இடங்களுக்குத் தேறும் பலம் குறைவு. அதனால் வெயிலைத் தடுக்க முடியாது என்பது மற்றவற்றைக் கைவிடக் காரணமாகாது. காய்ச்சல் வரப்போகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு வீட்டில் நல்ல சாப்பாடு கொடுப்பதில்லையா, அதுபோலத்தான்.

அடுத்தது காரைச்சல்லி

வான் தீவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது காரைச்சல்லி. 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, 2018-ல் 6 ஹெக்டேருக்கும் கீழே. இப்போது தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கத்தின் கீழ், உலக வங்கி உதவியோடு, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கைப் பாறைகளை அதன் கடல் பக்கத்தில் இறக்கும் வேலை நடக்கிறது. வான் தீவில் கற்றது இங்கே முதலிலேயே கையில் இருக்கிறது, அது நல்ல விஷயம்.

வான் தீவில் குறைவாகவே நடந்த ஒன்று இங்கே நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இறக்கிய பாறைகளில் வலை சிக்குகிறதா, மீன்பாடு எந்தப் பக்கம் மாறியது, மணல் எங்கே சேர்கிறது, எங்கே அரிக்கிறது என்பதெல்லாம் வெள்ளப்பட்டி, தருவைகுளம் பக்கத்து வள்ளக்காரர்களுக்கு மறுநாளே தெரிந்துவிடும். ஆய்வாளர்கள் மூழ்கிப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒரு தடவை. அந்த இரண்டு நோட்டுகளையும் ஒரே மேசையில் வைக்க ஒரு மாதாந்தரக் கூட்டம் போதும், அதற்குப் பெரிய நிதியும் வேண்டாம். மண்டபம் பக்கத்துத் தீவுகளில் வெளிப்பாசியைக் களையெடுக்கும் வேலைக்குக் கூலி கொடுத்துச் சின்னப்பாலத்துப் பெண்களை அழைக்கலாம். எது சொந்தப் பாசி, எது வந்த பாசி என்று தண்ணீருக்கடியில் கை பட்டதுமே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். மாதத்தில் 18 நாள் அவர்கள் கடலுக்குப் போவதில்லை.